பழைய வங்கிக் கட்டடத்தில் சிமெண்ட் பூசும் முன்

சென்னை ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் சிவப்புச் செங்கல் ஸ்டேட் பேங்க் கட்டடத்தை பஸ்ஸில் போகும்போதாவது பார்த்திருப்பீர்கள். விக்டோரியா ராணியின் ஆட்சி முடியும் தறுவாயில், 1890-களின் பிற்பகுதியில், ஸ்டேட் பேங்கின் முன்னோடிகளில் ஒன்றான பேங்க் ஆஃப் மெட்ராஸ் தனக்கென்று எழுப்பியது. வடிவமைப்பில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினுக்குப் பங்கு உண்டு. கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டி.

குவிமாடங்களைப் பார்த்ததும் இந்தோ-சாரசெனிக், அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகளின் கலவை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் காலத்து வங்கிகளில் என்னை நிறுத்திப் பார்க்க வைப்பது உள்ளே இருக்கும் பெரிய கூடம்தான். பணம் போட வருபவருக்கு நம்பிக்கை தரத்தான் அந்த உயரம், சரி. ஆனால் அதற்கு வேலையும் உண்டு. சூடான காற்று மேலேறி உயரத்து ஜன்னல் வழியே வெளியேறும். கணக்கெழுதுபவருக்கு மேலிருந்து வெளிச்சம் இறங்கும்.

அப்படிப்பட்ட கூடங்களில் இப்போது ஏசிக்காக ஃபால்ஸ் சீலிங் அடிக்கிறார்கள். வேலைக்குப் போகும் இடங்களில் ஒரு பலகையைக் கழற்றச் சொல்வேன். தேக்கு உத்திரத்தின் மேல் காலாவதியான வயர், பக்கத்திலேயே புது வயர், மேலே தூசி. கூரை ஒழுகினாலும் தெரியாது, புகைந்தாலும் தெரியாது. 2014 ஜூலையில் இந்த ஸ்டேட் பேங்க் கட்டடத்திலேயே பெரிய தீவிபத்து நடந்தது. காரணம் எதுவானாலும், மரம் தாங்கும் கூரை தீயில் எவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

அடுத்தது சுவர். பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மழையில் ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். கடற்காற்றின் உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கலை அரிக்கும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வரும். அந்த இடத்துப் பூச்சைப் பெயர்த்தால் செங்கலின் முகமும் மாவாகக் கையோடு வந்துவிடும். பெயின்ட் அடித்து இதை மறைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இப்படியொரு கட்டடம் உங்கள் பொறுப்பில் இருந்தால், எஸ்டிமேட்டில் சிமெண்ட் பூச்சு என்று கண்டதும் கையெழுத்தை நிறுத்தி வையுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்றும் கிடைப்பார். ஓரமாக ஒரு சிறிய பகுதியில் மட்டும் அவரைப் பூசச் சொல்லி, ஒரு மழைக்காலம் போகட்டும். அப்புறம் முழுச் சுவரிலும் கை வைக்கலாம்.