லீவு மிச்சம் பிடிக்கிறவர்கள்

நிதி நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும், அப்புறம் முல்லைத்தீவுப் பக்கமும் உள்ள கிளைகள் என் பொறுப்பில். வருச முடிவில் லீவுப் பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு கிளையிலும் யாராவது ஒருவர் வருடாந்த லீவில் பாதியைத் தொடாமலே விட்டிருப்பார். அநேகமாக அவர்தான் அந்தக் கிளையின் பழைய ஆள். அதைப் பெருமையாகவும் சொல்வார். வீட்டில் விசாரித்தால் கதை வேறு.

இலங்கையின் 1954 ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, முதல் வருசம் கழிந்த பிறகு 14 நாள் வருடாந்த லீவு உண்டு. அதில் 7 நாளாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். திடீர்த் தேவைகளுக்கு எடுக்கிற சமயோசித லீவு 7 நாள் தனி. வேலை நேரம் கிழமைக்கு 45 மணித்தியாலம். முகாமையாளர் மனமிரங்கித் தருகிற சலுகை இல்லை இது. ஆனாலும் நம்மவர்கள் லீவு கேட்கும்போது கடன் கேட்பதுபோலக் கூசி நிற்கிறார்கள்.

வன்னியில் சிக்கலே காலக்கணக்குத்தான். காலபோக அறுவடை தை, மாசியில். நெல் விற்ற காசு விவசாயியின் கையில் இருக்கும்போதே கடன் தவணையை அறவிட வேண்டும். மார்ச் 31 இல் கணக்கு முடிகிற நிறுவனங்களில் நெருக்குவாரம் உச்சத்தில் நிற்பதும் அப்போதுதான். அறவீட்டு உத்தியோகத்தருக்கும் ஊரில் வயல் இருக்குமே! ஒருவரை இரணைமடுக் கமத்தில் பார்த்தேன். 4 ஏக்கர். அறுவடை மெசின் ஒரு வழியாக முறைக்கு வந்துவிட்டது. இவரோ வரம்பில் நின்று போனில் தவணை கேட்டுக்கொண்டிருக்கிறார். நெல்லுக்குச் சாக்குப் பிடித்தது மாமனார். "சேர், இவருக்கு லீவு குடுத்தாலும் ஒண்டுதான், குடுக்காட்டியும் ஒண்டுதான்" என்றார் மனைவி. எனக்குப் பதில் வரவில்லை.

லீவு எடுத்தவரின் வாடிக்கையாளர் பட்டியலை இன்னொருவர் கையில் எழுத்தில் கொடுக்காவிட்டால் அது லீவே அல்ல. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் திங்கட்கிழமை வரும். விடிய விடியக் கண்விழித்தவரிடம் செவ்வாய்க்கிழமை என்ன வேலை வாங்க முடியும்? ஆகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா. ஒரு கிளையில் சைவ, கத்தோலிக்க உத்தியோகத்தர்கள் இருவர் இந்த நாட்களை ஆளுக்காள் மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். தலைமை அலுவலகம் சொல்லிச் செய்ததல்ல, அவர்களாகவே தை மாதத்தில் பேசி வைத்தது. நான் கண்டதில் நன்றாக நடக்கிற ஒழுங்கு அதுதான்.

செத்தவீட்டை மட்டும் முன்கூட்டி எழுத முடியாது. செத்தவீடு, எட்டாம் நாள், 31 ஆம் நாள் என்று ஒரு சாவுக்கே மூன்று தரம் போக வேண்டும். யுத்தத்தில் உறவு குறைந்துபோன வீடுகளில் அயல்தான் தோள் கொடுக்கிறது. அதனால் சமயோசித லீவை வருசத் தொடக்கத்திலேயே சில்லறை வேலைகளுக்குக் கரைத்துவிடாதீர்கள்.

ஊர்ப் பொறுப்புகளிலும் கொஞ்சம் கணக்கு வேண்டும். உத்தியோகம் பார்க்கிறவர் என்றால் சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை எல்லாவற்றுக்கும் அவரையே பொருளாளர் ஆக்கிவிடுவார்கள். கணக்குத் தெரிந்த ஆளாம்! மூன்று கணக்குப் புத்தகத்தை அலுவலக லாச்சியில் வைத்துக்கொண்டு ஒன்றையும் எழுதாமல் இருப்பதைவிட, ஒன்றை ஏற்று மற்ற இரண்டுக்கும் "ஏலாது" என்று பொதுக்கூட்டத்திலேயே சொல்வது மேல்.

"ரிட்டயர் ஆனபிறகு ஊருக்குச் செய்வம்" என்பவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது. 55 இல் வீட்டுக்குப் போகலாம் என்று போட்ட கணக்கைத் திரும்பப் போட வேண்டும். கொழும்பில் வேலை பார்த்து வெள்ளி இரவு பஸ்ஸில் வந்து ஞாயிறு இரவு திரும்புகிறவர்கள் முக்கியமாக. இன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அதற்குள் கம்பஸையே முடித்திருக்கும்.

இடமாற்றம் கேட்க நினைத்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் கேளுங்கள். காரணத்தையும் "சொந்தக் காரணம்" என்று மூடி வைக்க வேண்டாம். அம்மாவுக்குக் கிளினிக் என்றால் அப்படியே எழுதுங்கள். என் மேசைக்கு வருகிற கடிதங்களில் நான் முதலில் தூக்கி வைப்பது அவற்றைத்தான்.