ஓலை முடையும் கையும் உறங்காத மனமும்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து மனநல ஆலோசனைக்கு வருபவர்களிடம், உறக்கத்தையும் பசியையும் விசாரித்த பிறகு, "உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும்?" என்றும் கேட்பது என் வழக்கம். வலை பின்னுவேன், ஓலைப்பெட்டி முடைவேன், பள்ளி நாட்களில் குரோஷா ஊசிப் பின்னல் போட்டதுண்டு என்று சற்றுத் தயங்கியபடியே சொல்வார்கள். காசு வராத வேலை என்று வீட்டார் ஒதுக்கிவிட்ட இந்தக் கைவேலைகளைச் சிகிச்சையின் துணையாகவே நான் மதிக்கிறேன்.

மகன் கடலுக்குப் போன இரவுகளில் விடியும்வரை விழித்திருந்து, நெஞ்சுப் படபடப்போடு வந்த ஒரு தாயார், தன் அம்மாவிடம் கற்ற ஓலை வேலையைப் பல ஆண்டுகளாகத் தொடவில்லை என்றார். அடுத்த முறை வரும்போது ஓலையும் எடுத்து வரச் சொன்னேன். ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்த குருத்தோலையை, மடக்கும்போது வெடிக்காமலிருக்க ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பேசிக்கொண்டே முடைந்தவர், மூலை திருப்பும் இடம் வந்ததும் பேச்சை நிறுத்தி, ஓலைகளை விரலால் தொட்டு எண்ணினார். வந்தபோது மேலோட்டமாக இருந்த மூச்சு அந்தச் சில நிமிடங்களில் ஆழ்ந்து சீரானதை நான் கவனித்தேன். "ஓலை கையில இருந்தா, மணி பார்க்கத் தோணல மேடம்" என்றார்.

எண்ணிக்கை, தொடுஉணர்வு, இரு கைகளின் ஒத்திசைவு ஆகிய மூன்றையும் முடைதல் ஒருசேரக் கேட்பதால், கவலை சுற்றிச்சுற்றி வருவதற்கு மனத்தில் இடம் குறைகிறது. தவறிய இழையைப் பிரித்து மறுபடி போடலாம் என்பதும் பதற்றக்காரர்களுக்குப் பெரிய ஆறுதல். பின்னலாடை பின்னும் 3,545 பேரிடம் இணையவழியாக நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், அடிக்கடி பின்னுபவர்களே கூடுதல் அமைதியையும் மகிழ்ச்சியையும் உணர்வதாகக் கூறியிருந்தனர். அவரவர் சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதைக் காரணத்துக்கான நிரூபணமாகக் கொள்ள முடியாது. எனினும், நான் நேரில் காண்பதும் அதுவே.

ஆண்களிடம் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, வருமானமின்றி மனம் உடைந்து குடியில் விழுபவர்கள் உண்டு. அறைக்குள் முகம் பார்த்து ஒரு சொல்லும் சொல்லாத மீனவர், நிழலில் வலையை விரித்துக் காலால் இழுத்துப் பிடித்துக் கிழிசலைக் கோக்கும்போது, பார்வையைக் கண்ணியிலிருந்து எடுக்காமலேயே, கடனையும் உறங்காத இரவுகளையும் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிடுகிறார். அப்போது குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

விற்பனைக் கெடு வைத்து விரட்டினால் இந்த அமைதி போய்விடும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தையும் மணிக்கட்டையும் தளர்த்துவதும் அவசியம். இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு நீடித்தாலோ, சாகத் தோன்றினாலோ, கைவேலையை மட்டும் நம்பியிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற கட்டணமில்லா அரசு எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

அந்தத் தாயாருக்கும் மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார். மூன்றாம் முறை வந்தபோது, அந்த மாத்திரைகளைத் தான் முடைந்த சிறு கொட்டானில் போட்டு, மூடியும் செய்து எடுத்து வந்திருந்தார்.