ஒரு செக்கனுக்குள் விழுந்த மின்சாரம்

வவுனியாவில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இலங்கை முழுவதும் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். ஒரு குரங்கால் எப்படி ஒரு நாட்டின் மின்சாரத்தையே நிறுத்த முடியும்? இது முதல் கேள்வி. எங்கள் கூரையில் சோலார் இருக்கிறது, அன்று நல்ல வெயில், அப்படியிருந்தும் எங்கள் வீட்டு ஃபேன் ஏன் நின்றது? இது இரண்டாவது.

இரண்டுமே நல்ல கேள்விகள். ஒரே இடத்தில் போய் முடியும் கேள்விகளும்கூட.

சக்திப் பாதுகாப்பு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது எரிபொருள் வரிசை. அது சரிதான். இலங்கையில் எண்ணெய்க் கிணறும் இல்லை, நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. போக்குவரத்து ஏறக்குறைய முழுக்க முழுக்க இறக்குமதி எண்ணெயில் ஓடுகிறது. வீடுகளில் இன்னும் விறகடுப்பு நிறைய எரிகிறது. நாட்டின் மொத்தச் சக்தித் தேவையில் மூன்றிலொரு பங்கு அளவை விறகும் மற்ற உயிர்த்திணிவும்தான் தாங்குகின்றன. விறகுக்கு டொலர் தேவையில்லை என்பதால் நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. 2022இல் டொலர் தீர்ந்தபோது எண்ணெய்க் கப்பல்கள் கடலில் காத்திருந்தன, மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரத்தைத் தொட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்குக் கடல் அமைதியாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அது முடியாது. அதனால் அந்த மாதங்களுக்கான நிலக்கரியை முன்கூட்டியே குவித்து வைக்கிறார்கள்.

ஆக, நிலக்கரியின் கணக்கு மாதக் கணக்கு. நீர்த்தேக்கங்களின் கணக்கு வாரக் கணக்கு. ஆனால் பெப்ரவரி 9ஆம் திகதி நிலக்கரி குவிந்து கிடந்தது, வெயிலும் அடித்தது, டொலர்ப் பிரச்சினையும் இல்லை. அன்று தீர்ந்துபோனது வேறொரு கையிருப்பு. அதைச் செக்கன்களில்தான் அளக்க வேண்டும்.

அதை நான் முதலில் தொட்டுப் பார்த்தது ஒரு சைக்கிளில். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் பஞ்சை வைத்துத் திரி போட்ட விளக்குகள். பற்றரியும் கிடைக்காது. மாலைச் செய்தி கேட்க வேண்டுமென்றால் அண்ணா சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்து, பெடலைக் கையால் சுற்றுவார். டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். வயரைக் கழற்றி வைத்திருக்கும்போது சக்கரம் லேசாகச் சுற்றும். நான் வயரைக் கொழுவியதும் அண்ணாவின் கை கனக்கும். 'கொழுவிட்டியா?' என்று பார்க்காமலே கேட்பார். கை களைத்து என்னிடம் பெடலை மாற்றிக் கொடுக்கும் இடைவெளியில் யாருமே சுற்றவில்லை. ஆனாலும் செய்தி வாசிப்பவரின் குரல் நிற்காது. கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். நான் பிடித்துச் சுற்றத் தொடங்கியதும் மறுபடி ஏறும்.

ஒரு நாட்டின் மின்கட்டமைப்பும் இப்படியேதான் இயங்குகிறது. கொழும்பில் ஒருவர் ஏசியைப் போட்டால் அந்தக் கூடுதல் மின்னோட்டம் மின்பிறப்பாக்கியின் சுருள்களில் ஓடி, சுழற்சியை எதிர்க்கும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. லென்சின் விதியைப் பாடசாலையில் படித்திருப்பீர்கள். நுரைச்சோலையிலும் விக்டோரியா நீர்மின் நிலையத்திலும் சுழலும் அச்சுத்தண்டுகள் அந்த ஏசியின் பாரத்தை அண்ணாவின் கையைப் போலவே உணர்கின்றன. யாரும் செய்தி அனுப்ப வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கை மாறும் இடைவெளிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நுரைச்சோலையில் ஓரியந்திரம் 300 மெகாவாட். நீராவிச் சுழலியும் மின்பிறப்பாக்கியின் சுற்றியும் ஒரே அச்சில் இணைந்து, நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றுகின்றன. அதாவது செக்கனுக்கு 50. நம் வீட்டு மின்சாரத்தின் மீடிறன் 50 ஹேட்ஸ் என்பது இந்தச் சுழற்சியின் எண்ணிக்கைதான். நீர்மின் இயந்திரங்கள் மெதுவாகத்தான் சுற்றும். காந்தத் துருவங்கள் அதிகமாக இருப்பதால் அவற்றிலிருந்தும் அதே 50தான் வெளிவரும். நாட்டில் உள்ள பெரிய இயந்திரங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கிலியால் கட்டியதுபோல ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. ஒன்று தாழ்ந்தால் எல்லாம் தாழும்.

இந்த அளவு இயந்திரம் ஒன்றின் சுழற்சியில், எரிபொருளே இல்லாமல் தன் முழு வலுவை ஏறத்தாழ நான்கு செக்கன் கொடுக்கக்கூடிய சக்தி தேங்கி நிற்கும். ஒரு மெகாவாட்டை ஒரு செக்கன் கொடுத்தால் அது ஒரு மெகாயூல்; 300ஐ 4ஆல் பெருக்கினால் 1200 மெகாயூல். 15 தொன் எடையுள்ள பேருந்து ஒன்று மணிக்கு 80 கிலோமீற்றரில் ஓடும்போது அதன் இயக்கசக்தி நாலு மெகாயூலுக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் ஒரே அச்சில் முந்நூறு பேருந்துகளின் ஓட்டம் அடங்கியிருக்கிறது. இதைத்தான் சடத்துவம் என்கிறோம். அண்ணா கை மாற்றிய இடைவெளியில் சைக்கிள் சக்கரத்தைச் சுற்ற வைத்ததும் இதுதான்.

ஆனால் அந்த 1200ஐயும் எடுத்துவிட முடியாது. மீடிறன் 50இலிருந்து 49க்கு இறங்கலாம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 2 சதவீதம் குறைகிறது. சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 4 சதவீதம்தான் வெளிவரும். நாட்டில் 2000 மெகாவாட் அளவுக்கு இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தால் தேங்கியிருப்பது 8000 மெகாயூல், அதில் கையில் கிடைப்பது 320. திடீரென்று 300 மெகாவாட் இயந்திரமொன்று விலகினால் அந்த 320 மெகாயூல் ஒரு செக்கனுக்குச் சற்று மேல் தாங்கும்.

ஒரு செக்கன் போதுமா? பெரும்பாலும் போதும். அதற்குள் மற்ற இயந்திரங்களின் ஆளுகைக் கருவிகள் வேகம் குறைவதை உணர்ந்து நீராவி வால்வையும் நீர் வாயிலையும் திறக்கத் தொடங்கும். மீடிறன் இன்னும் இறங்கினால் சில ஊர்களின் இணைப்பைத் தானியங்கி ஆளிகள் துண்டித்துப் பாரத்தைக் குறைக்கும். சடத்துவம் செய்வதெல்லாம் இவற்றுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதுதான். சுற்றும் எடை பாதியாக இருந்தால் அந்த நேரமும் அரைச் செக்கனாகிவிடும். கனமான வால்வு ஒன்று அரைச் செக்கனில் திறந்து, நீராவி போய்ச் சேர்ந்து, வேகம் மீள்வது நடக்கிற காரியமில்லை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். அலுவலகமும் பல தொழிற்சாலைகளும் மூடியிருந்தன, தேவை குறைவு. உச்சி வெயில் நெருங்கும் நேரம், மின்சாரத்தின் பெரும் பங்கு சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. தகட்டில் சுற்றுவது எதுவுமில்லை. தகட்டின் நேரோட்டத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியான இன்வேட்டர், கட்டமைப்பின் தாளத்தைக் கேட்டு அதற்கேற்ப மின்னோட்டத்தைக் கொடுக்குமே தவிர, தாளத்தைத் தாங்கிப் பிடிக்காது. சூரியன் ஏற ஏறக் கனமான இயந்திரங்களின் பங்கு குறைந்தது. பாணந்துறையில் நடந்தது ஒரு குறுஞ்சுற்று. அதுபோன்றவை எந்த நாட்டிலும் நடக்கும், அணிலும் காகமும் செய்யும். அன்று அதைத் தாங்கும் எடை கட்டமைப்பில் போதவில்லை. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் விலகின. நீராவி இயந்திரங்களை நினைத்தவுடன் மீளத் தொடங்க முடியாது; அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது அதனால்தான்.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்க்காரர்கள் பிற்பகல் 3 மணிவரை தங்கள் தொகுதியை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. கடன் எடுத்துத் தகடு போட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கேட்டதற்கான பௌதிகக் காரணமும் உண்மையானது. சோலார் வேண்டாம் என்பது அதற்கு அர்த்தமல்ல. இறக்குமதி நிலக்கரியில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு தீவுக்குச் சூரியனும் காற்றும்தான் வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். எடையைத் தனியாக வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

அது முடியும். தென் அவுஸ்திரேலியாவில் 2016இல் மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டே அங்கே 100 மெகாவாட் பற்றரித் தொகுதியை நிறுவினார்கள். பின்னர் நான்கு ஒத்தியங்கு ஈடுசெய்பொறிகளை வைத்தார்கள். எரிபொருளே எரிக்காமல், கட்டமைப்பின் மின்சாரத்திலேயே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் கனமான இயந்திரங்கள் அவை. சும்மா சுற்றுவதே அவற்றின் வேலை. அயர்லாந்தில் நிலக்கரி எரித்த மனிபாயின்ட் மின்நிலைய வளாகத்திலேயே பெரிய பறப்புச் சக்கரத்துடன் அப்படியொன்று சுற்றுகிறது. இந்தியாவுடன் கடலடி இணைப்பு வந்தால் எல்லாம் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். 2025 ஏப்ரலில் அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையும் கையெழுத்தானது. ஆனால் அது நேரோட்ட (டிசி) இணைப்பு, இரு நாட்டு இயந்திரங்களையும் ஒரே தாளத்தில் கட்டாது. மின்சாரம் வரும், இந்தியக் கட்டமைப்பின் பெரும் எடை கேபிள் வழியே தானாக வராது. இரு முனையிலும் உள்ள மாற்றிகளை அதற்கேற்ப வடிவமைத்தால்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

இதையெல்லாம் நம் கட்டமைப்புக்கு யார் கணக்கிட்டுப் பார்ப்பது? மொறட்டுவையிலும் பேராதனையிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவதோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஒரு முழு நாள் இருட்டின் நட்டத்தில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்திருந்தால், 2016இலும் 2020இலும் 2021இலும் 2023இலும் நாடு முழுவதும் கரண்ட் நின்றபோது ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டியதில்லை.

இனி அந்த மாணவியின் இரண்டாவது கேள்வி. சாதாரணக் கூரை இன்வேட்டருக்குத் தனக்கென்று தாளம் கிடையாது. தெருக் கம்பியில் 50 ஹேட்ஸ் கேட்டால்தான் அது வேலை செய்யும். கேட்கவில்லையென்றால் உடனே நின்றுவிட வேண்டும் என்பது விதி. கரண்ட் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரை உங்கள் கூரை மின்சாரம் தாக்கிவிடக் கூடாதல்லவா? வீட்டைத் தெருவிலிருந்து முழுதாகப் பிரித்துவிட்டு, பற்றரியைக் கொண்டு தானே தாளம் போடும் இன்வேட்டர்களும் உண்டு. தகடு வாங்கும்போது கடைக்காரரிடம், கரண்ட் நின்ற பிறகும் இது வீட்டுக்கு ஓடுமா என்று கேளுங்கள், தங்கச்சி. பற்றரி இல்லாத தொகுதி என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.