முதலாளி ஐசியூவில், ஓடிபி யார் கையில்?

பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை, மோல்டிங் யூனிட் நடத்தும் தமிழர்கள் பலருக்கு நான்தான் ஆடிட்டர். "உங்களுக்குத் திடீரென்று முடியாமல் போனால் கம்பெனியை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டால், "அபசகுனமாப் பேசாதீங்க சார்" என்பார்கள். அப்புறம், "பையன் இருக்கான், மேனேஜர் இருக்கார்" என்பார்கள். ஆள் இருக்கிறார், சரி. அதிகாரம் அவர் கைக்கு வந்துவிட்டதா?

ஒரு முதலாளி மாரடைப்பு வந்து ஐசியூவில் சேர்ந்தார். மாதத்தின் முதல் வாரம். 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட வேண்டும், டிடிஎஸ் (பிடித்து வைத்த வருமான வரி) கட்ட வேண்டும். ஓசூருக்கு அனுப்ப வேண்டிய ஆர்டருக்கு ஸ்டீல் வாங்கப் பணம் கட்ட வேண்டும். மேனேஜர் கைதேர்ந்தவர், எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும் என்பதுவரை தெரியும். நெட் பேங்கிங்கில் சம்பளப் பட்டியலை அவரே ஏற்றிவிட்டார். ஒப்புதலுக்கான ஓடிபி முதலாளியின் போனுக்குப் போனது. போன் பூட்டியிருந்தது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கம்ப்யூட்டரில் செருகிக் கையெழுத்திடும் சின்னக் கருவி) முதலாளியின் பையில் இருந்தது, பாஸ்வேர்டு அவருக்கு மட்டுமே தெரியும். கணக்கில் பணம் இருந்தும் சம்பளம் தள்ளிப்போனது. கம்பெனியை மூடிவிடுவார்களோ என்ற பேச்சு ஷாப் ஃப்ளோரில் பரவியது.

"பவர் எழுதிக் கொடுத்திருக்கேனே" என்று, தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை நம்பிப் பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் வெளியூர் போனால் அது உதவும். ஆனால் 1872 ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ பவர் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வெறும் தாள். பார்ட்னர்ஷிப் என்றால், பத்திரத்தில் தனி ஷரத்து இல்லாதவரை ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும் என்கிறது 1932 சட்டம். இரண்டே பங்குதாரர்கள் என்றால் ஷரத்தும் காப்பாற்றாது. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் பட்டறைகள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நபர் கம்பெனிக்கு மட்டும் 2013 கம்பெனிச் சட்டம் ஆரம்பத்திலேயே நாமினி கேட்டுவிடுகிறது.

இரண்டாவது ஆளோடு நிறுத்திவிடவும் கூடாது. 1969 மே 3-இல் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமானதும் துணைத் தலைவர் வி.வி.கிரி பொறுப்பேற்றார். அவரும் இல்லாவிட்டால் யார் என்பது அதுவரை சட்டத்தில் இல்லை. அதே மாதம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஜூலையில் கிரி ராஜினாமா செய்தபோது தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா தடங்கலின்றிப் பொறுப்பேற்க முடிந்தது. நம் பட்டறைகளில் அப்பாவும் மகனும் ஒரே காரில் ஊருக்குப் போகிறார்கள். மூன்றாவது பெயரையும் இப்போதே எழுதி வையுங்கள்.

வருடத்தில் ஒரு சம்பள வாரம் முதலாளி ஊருக்குப் போய்விடட்டும், ஆபீஸ் போனை எடுக்கவே கூடாது. எந்த வேலை எங்கே நிற்கிறது, கஸ்டமர் யாரைத் தேடுகிறார் என்று மேனேஜர் குறித்து வைக்கட்டும். அதற்கு முன்பே, ஒப்புதல் தர இன்னொருவரைச் சேர்க்கும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேஒய்சி முடிய நாளாகும், அவருடைய டோக்கனையும் தனியாக வாங்க வேண்டும்.