திட்டினால் சர்க்கரை இறங்காது

இந்த வருடமும் காவடி முடிந்து சில வாரங்களில் ஒரு கால்விரல் போய்விட்டது.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் ஓர் அரசு கிளினிக்கில் சிஸ்டராக இருக்கிறேன். பெரும்பாலும் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளைத்தான் பார்க்கிறேன். விரலை இழந்த ஆயா (பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னிடம் வந்தபோது விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெறும் கொப்புளமாக இருந்தபோதே அவர் வேறொரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். தை மாதம் இங்கே கோடை. அந்த வெயிலில், தார் ரோட்டில், பால்குடத்தோடு வெறுங்காலில் நடந்திருக்கிறார். சர்க்கரையால் மரத்துப்போன பாதத்துக்குச் சூடு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோல் உரிந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்.

அந்த கிளினிக்கில் அவருக்கு முதலில் கிடைத்தது பேச்சு. பெஞ்ச் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும்போது, "இந்த வயசுல சுகரை வச்சிக்கிட்டு வெறுங்காலில் நடக்கச் சொன்னது யாரு? மாத்திரையும் ஒழுங்கா போடுறதில்லை, கடைசியில எங்க தலையில வந்து விழுறீங்க" என்ற தோரணையில் ஒரு கச்சேரி. அப்புறம் கட்டுப் போட்டு, இரண்டு நாளில் மறுபடி வரச் சொன்னார்கள். ஆயா போகவில்லை. "இன்னொரு தடவை அந்தப் பேச்சைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லைம்மா" என்றார். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்.

அவரை அங்கே திட்டியது நம்ம இந்தியப் பெண்தான். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படி ஒரு கதையைக் கேட்டதும் நம் ஆட்களில் பாதிப் பேர், "அவங்க நம்மளை அப்படித்தான் நடத்துவாங்க" என்று இனத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். ஜூலு பேசும் கறுப்பினச் சிஸ்டர்கள் நம் கிழவிகளின் கையைப் பிடித்து அழைத்துப் போவதையும் தினம் பார்க்கிறேன், நம் பிள்ளைகள் நம் கிழவர்கள் மேல் எரிந்து விழுவதையும் பார்க்கிறேன்.

சரி, என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது வேறு. ஆயாவின் மகளிடம் பேசினேன். அவர் சொன்னது: "சிஸ்டர் நல்லதுக்குத்தானே திட்டினாங்க. அடிக்கிற கைதான் அணைக்கும்." என்னோடு வேலை செய்கிறவர்களும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "கொஞ்சம் கடுமையா பேசலைன்னா இவங்க கேட்க மாட்டாங்க." திட்டுகிறவரும் திட்டு வாங்குகிறவரும் ஒரே நம்பிக்கையில் இருந்தால் யார் அதை நிறுத்துவது?

திட்டினால் நோயாளி திருந்துவதில்லை. மறைக்கக் கற்றுக்கொள்கிறார். கிளினிக் நாளுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு வருகிறார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அழகாக இருக்கும். மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை வரும்போதுதான் உண்மை தெரியும். அப்போது மறுபடியும் திட்டு. அடுத்த முறை அவர் வரவே மாட்டார்.

பிரஷர்காரர்களைப் பாருங்கள். சிறுநீர் அதிகம் போகவைக்கும் அந்த 'தண்ணி மாத்திரை'யைக் கிளினிக் நாளில் பலர் போடுவதில்லை. போட்டால் டாக்சியில் வரும் வழியிலேயே அவசரமாக வரும், வரிசையை விட்டுக் கழிப்பறைக்குப் போனால் இடம் போய்விடும். ஆக, நாம் அளக்கும் அன்றைக்கு மட்டும் பிரஷர் ஏறி நிற்கிறது. "மாத்திரை போடுறதில்லையா?" என்று குரலை உயர்த்துகிற சிஸ்டருக்கு இது தெரியாது, ஏனென்றால் அவர் கேட்கவில்லை. மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும். எனலப்ரில் சிலருக்கு ராத்திரி முழுக்க வறட்டு இருமலைத் தரும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிற சாதாரண விஷயங்கள். சாப்பாட்டோடு போடச் சொல்லலாம், அளவைக் குறைத்துத் தொடங்கலாம், டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றலாம். ஆனால் நோயாளி வாயைத் திறந்தால்தானே?

கர்ப்பிணிகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். "இவ்வளவு லேட்டா வந்து பதியிறியே" என்று நாலு பேர் முன்னால் ஒருத்தியைக் கேட்டால், அவள் தங்கை அதைவிடத் தாமதமாகத்தான் வருவாள். இருபது வயதுகூட ஆகாத பெண் குடும்பக் கட்டுப்பாட்டு ஊசிக்கு வந்து நின்று, "உனக்கு இந்த வயசுல எதுக்கு?" என்ற கேள்வியைக் கேட்டுத் திரும்பிப் போனால், அடுத்த முறை அவள் எந்த வரிசையில் வந்து நிற்பாள் என்று நான் சொல்ல வேண்டுமா?

இரண்டாவது தவறான நம்பிக்கை, "ஃப்ரீயாத்தானே பார்க்கிறாங்க, நாம என்ன கேட்க முடியும்?" என்பது. 1994-இல் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், 1996-இல் எல்லோருக்கும் கிளினிக் சிகிச்சை இலவசம் என்று ஆக்கியது தர்மம் அல்ல, நாட்டின் சட்டப்படியான ஏற்பாடு. அந்த ஆயா போனில் ஏர்டைம் போடும்போதும் 15 சதவீதம் வாட் கட்டுகிறார். நிறவெறி ஆட்சிக் காலத்தில், டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் கிளேர்வுட்டிலிருந்தும் பெயர்த்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்ட தலைமுறை அது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தலை குனிந்து நிற்கப் பழக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நீங்கள் கூடப் போங்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விடியும் முன்பே வாசலில் வரிசை நிற்கிறது. ஆள் பற்றாக்குறை, கோப்பு கிடைக்காது, சில நாள் மருந்தே வந்திருக்காது. இதெல்லாம் களைப்புக்குக் காரணம்தான். ஒருவரின் நோயைக் காரிடாரில் கூவுவதற்குக் காரணம் ஆகாது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், 14-ஆம் பிரிவு, நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. என் சக சிஸ்டர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருப்பதே எனக்கு வேதனை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மாத்திரைகளை டப்பாவோடு பையில் கொண்டு வாருங்கள், மீதி இருப்பதையும் சேர்த்து. எதை நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய் வராவிட்டால் காகிதத்தை நீட்டுங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்காதீர்கள், ரொட்டி ஏதாவது கையில் இருக்கட்டும். நோய் கட்டுப்பாட்டில் இருந்தால், மாத மருந்தைப் பக்கத்து மருந்துக் கடையிலோ வேறு விநியோக இடத்திலோ வாங்கிக்கொள்ளப் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். பாதி வரிசை அதிலேயே குறையும்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இவற்றுக்கு வரிசை கிடையாது. "நேரம் முடிஞ்சுபோச்சு, நாளைக்கு வா" என்று சொன்னாலும் நகராதீர்கள். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்பது நம் அரசியலமைப்பின் 27(3)-ஆம் பிரிவு. அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

யாராவது தரக்குறைவாகப் பேசினால் பதிலுக்குக் கத்தாதீர்கள். தயவுசெய்து, இனத்தைச் சொல்லித் திட்டாதீர்கள். நம் ஆட்கள் கறுப்பினச் சிஸ்டர்களிடம் பேசுகிற சில வார்த்தைகளைக் கேட்டு நான் கூசிப்போயிருக்கிறேன். உள்ளே வரும்போது ஜூலுவில் வணக்கமாக ஒரு 'சவுபோனா' சொல்லிப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை. பேசியவரின் பெயர் அட்டையைப் பாருங்கள், தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், கிளினிக் மேனேஜரைக் கேளுங்கள். புகார் கொடுப்பது அதே சுகாதாரச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தரும் உரிமை. வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டியது அவர்கள் வேலை. தேசிய வழிகாட்டுதல்படி 5 வேலை நாளில் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, 25 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். பெட்டியில் சீட்டுப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். 25 வேலை நாள் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள்.

"புகார் கொடுத்தால் அடுத்த முறை பழிவாங்குவாங்க" என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. அப்படி நடந்தால் அது தனிப் புகார். ஊர் கிளினிக் கமிட்டியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று விசாரித்து அவரிடம் சொல்லுங்கள். சிஸ்டர் மேல் என்றால் நர்ஸிங் கவுன்சில், டாக்டர் மேல் என்றால் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில். உயிர், உறுப்பு போன விஷயம் என்றால் ஹெல்த் ஆம்பட், அதாவது சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் தேசிய அலுவலகம். கௌட்டெங் மாகாணத்தில் மனநல நோயாளிகளை இடம் மாற்றி 90-க்கும் மேற்பட்டோர் இறந்ததை 2017-இல் வெளியே கொண்டுவந்த அலுவலகம் அது. சாமானியர் புகாரை எடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற, பால்குடம் தூக்குகிற சர்க்கரைக்காரர்கள் விரதம் தொடங்கும்போதே ஒரு தடவை கிளினிக்குக்கு வந்து பாதத்தைக் காட்டுங்கள். வேண்டுதலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். இல்லை என்றால் தார் ரோட்டுக்குச் செருப்பு, கோயில் வாசலில் கழற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளை யாராவது அடிப்பாதத்தைப் பார்க்கட்டும். கொப்புளம் இருந்தால் அடுத்த நாளே வாருங்கள். ஒரு கிளினிக்கில் முகம் கொடுக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள், வீட்டில் மட்டும் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள்.