விஷம் வைத்த காயில் புழு எப்படி?

வியாசர்பாடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் தாத்தா பின்னி மில் தொழிலாளி, பஞ்சுச் செய்தி எது வந்தாலும் விடாமல் படிப்பேன். பி.டி. பருத்தியைப் புழு தொடாது என்றார்களே, இப்போது தின்கிறதாமே? நம்ம கால்வாய்க் கொசுவும் மருந்துக்கு இப்படிப் பழகிவிடுமா?"

தின்கிறதுதான். 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பி.டி. பருத்திக்குள் ஒரு மண் பாக்டீரியாவின் (பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி.) மரபணு இருக்கிறது. அது தயாரிக்கும் கிரை1ஏசி என்ற புரதம், புழுவின் குடல் சுவரிலுள்ள கேடெரின் என்ற பூட்டில் சாவிபோல் பொருந்தி, செல்களை ஓட்டை போடும். நம் குடலில் அந்தப் பூட்டு இல்லை. கோடியில் ஏதோ ஒரு புழுவுக்குப் பிறவியிலேயே பூட்டு மாறியிருக்கும், அது பிழைத்துக்கொள்ளும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பூட்டை மாற்றும் மரபணு வந்தால்தான் பருத்திக் காயைக் குடையும் இளஞ்சிவப்பு காய்ப்புழு தப்பும். ஒன்று மட்டும் வந்தால் சாகும். அதனால் பி.டி. வயலைச் சுற்றிக் கொஞ்சம் சாதாரணப் பருத்தியும் போடச் சொன்னார்கள். அதில் புழுக்கள் நிம்மதியாகத் தின்று, ஆயிரக்கணக்கில் அந்துப்பூச்சியாகப் பறக்கும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டுக்கு ஜோடி தேடினால் இந்தச் சாதுக்கள்தான் கிடைக்கும். பிறக்கும் குஞ்சுகளுக்கு மாறிய மரபணு ஒன்றுதான் இருக்கும், பி.டி. காயைக் கடித்ததும் கதை முடிந்தது. புழுவை வளர்த்தே புழுவை அடக்குகிற தந்திரம்!

இங்கே அது பெரும்பாலும் நடக்கவில்லை. 450 கிராம் பி.டி. விதையோடு தனியாக வந்த 120 கிராம் சாதாரண விதையைப் பலர் விதைக்கவேயில்லை. பருத்தியின் இன்னொரு எதிரியான பச்சைக் காய்ப்புழு துவரை, தக்காளி என்று பலதையும் மேயும், அந்த வயல்களே அதற்குச் சாதாரணப் பருத்தியின் வேலையைச் செய்துவிடும். இளஞ்சிவப்புக்கோ பருத்தியை விட்டால் கதியில்லை. 2010இல் குஜராத்தில் எதிர்ப்புத்திறன் உறுதியானது. 2006இல் வந்திருந்த இரட்டைப் புரத விதையும் சில ஆண்டுகளில் தோற்றது. முதல் புரதம் செயலிழந்த ஊரில் இரண்டாவது தனியாக நின்றது, வேறென்ன ஆகும்? விவசாயியைக் குறை சொல்வது சுலபம். இந்தக் கல்யாணக் கணக்கை யார் அவரிடம் உட்கார்ந்து சொன்னார்கள்? ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கு அதற்கும் போகவேண்டும். அமெரிக்காவில் முதலில் சாதாரணப் பருத்தியையும் போட்டு, பிறகு பி.டி. வயல்களில் மலட்டு அந்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டு, 2018இல் இந்தப் புழு ஒழிந்ததாகவே அறிவித்துவிட்டார்கள்.

சரி, கொசு. கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. என்ற மருந்து அதே பாக்டீரியாவின் இன்னொரு வகை. அதில் ஒன்றல்ல, முக்கியமாக நான்கு நச்சுப் புரதங்கள். அவற்றில் சைட்1ஏ என்பதற்குப் பூட்டே தேவையில்லை. செல்லின் கொழுப்புப் படலத்தில் நேராக ஒட்டிக்கொண்டு, கூட வரும் கிரை11ஏவுக்குத் தானே பூட்டாகவும் நிற்கும். கொசு தன் பூட்டை மாற்றினாலும் அவ்வளவாகப் பலனில்லை.