21 வயது நிரம்புவதற்குள் வாருங்கள்

ஒன்றரை மாதத்துக்கு முன், நியூயார்க்கில் வக்கீலாக இருக்கும் என்னை ஓர் அம்மா அழைத்தார். கணவர் எச்-1பி வேலை விசாவில் நியூயார்க் வந்தவர். விவாகரத்து முடிந்த கையோடு ஊருக்குத் திரும்பி, மகனோடு பேசுவதையும் பணம் அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். விவாகரத்தால், அவரைச் சார்ந்து அம்மாவுக்குக் கிடைத்திருந்த எச்-4 விசா போயிற்று. அப்பா வேலையை விட்டுப் போனதில் பையனுடையதும் போயிற்று. "மேடம், இவனுக்கு மட்டுமாவது ஏதாவது வழி இருக்கா?"

வழி இருந்தது. பையனுக்கு 20 வயது 10 மாதம் என்று கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெற்றோரால் கொடுமைக்கு ஆளான, கவனிக்கப்படாத, கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1990இல் வந்த சட்டம் இது. அந்தக் குழந்தைகளுக்குச் 'சிறப்புக் குடியேறிச் சிறார்' என்ற தகுதியைத் தருகிறது. நாங்கள் 'எஸ்ஐஜே' என்போம். தொடக்கத்தில் அரசுப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்கே பயன்பட்டது. 2008இல் திருத்தினார்கள். இப்போது ஒரு பெற்றோர் கைவிட்டிருந்தாலே போதும், மற்றவரோடு பிள்ளை வாழலாம். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஹோண்டுராஸ், குவாத்தமாலா பிள்ளைகள். அண்மையில் பஞ்சாபிலிருந்தும் வருகிறார்கள். நம்மவர்கள் இது தங்களுக்கானதல்ல என்றே நினைத்துவிடுகிறார்கள்.

இதற்கு முதல் படி ஃபேமிலி கோர்ட். அது விசா தராது. மூன்று விஷயங்களைத் தீர்மானித்து எழுதித் தரும். பிள்ளை ஒருவரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரில் குறைந்தது ஒருவரோடு மீண்டும் சேர்வது சாத்தியமில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்புவது பிள்ளையின் நலனுக்கு உகந்ததல்ல. அந்த ஆணையோடு, எஸ்ஐஜே கேட்கும் ஐ-360 படிவம் குடியேற்றத் துறைக்குப் போக வேண்டும். அது போய்ச் சேரும்போது பிள்ளைக்கு 21 வயது நிரம்பியிருக்கக் கூடாது, திருமணமும் ஆகியிருக்கக் கூடாது. தபாலில் போட்ட தேதியைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

வக்கீலின் வேலை இந்த ஆணையின் வாசகங்களில்தான். ஒரு ஹோண்டுராஸ் பெண்ணின் சித்தி, வக்கீல் செலவு வேண்டாமென்று தானே மனுப் போட்டு கார்டியன், அதாவது சட்டப்படியான பாதுகாவலர், ஆனார். முத்திரையோடு ஆணை வந்தது. அதில் அந்தத் தீர்மானங்களில் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. கேட்காததை நீதிபதி எழுதமாட்டார். அந்தப் பெண்ணுக்கு அப்போது 19, அதனால் மறுபடி மனுப்போட நேரம் இருந்தது. வேறு சில மாநிலங்களில் 18 ஆனதுமே கதவு மூடிவிடும்.

நியூயார்க் ஃபேமிலி கோர்ட்டில் பிள்ளைக்கென்று அரசு செலவில் ஒரு வக்கீலை நீதிபதி நியமிக்கலாம். அதே பிள்ளை நாடுகடத்தல் வழக்குக்காக இமிக்ரேஷன் கோர்ட்டுக்குப் போனால், அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை இல்லை. எதிரே அரசு வக்கீல் உட்கார்ந்திருப்பார். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே குடியேற்றச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று குடியேற்ற நீதிபதி ஒருவர் 2015இல் சத்தியப் பிரமாணத்தின்மேல் சொன்னார். என் மகளுக்கு அந்த வயதில் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. தனியாக வந்த சுமார் 26,000 பிள்ளைகளுக்கு வக்கீல் தரும் ஒப்பந்தத்தை 2025 மார்ச்சில் அரசு ரத்து செய்தது. நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

கசப்பானவற்றை முதல் நாளே சொல்லிவிடுவது என் வழக்கம். எஸ்ஐஜே கிடைத்த உடனே கிரீன் கார்டு வராது. மதப் பணியாளர்களும் நிற்கும் அதே வரிசை, ஆண்டுக்குச் சுமார் 10,000 இடம், காத்திருப்பு வருடக்கணக்கில். காத்திருக்கும் பிள்ளைகளுக்கு 2022 முதல் கிடைத்த நாடுகடத்தல் பாதுகாப்பையும் 2025 ஜூனில் அரசு நிறுத்தியது, அதை எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. இன்னொன்று: இந்த வழியில் கிரீன் கார்டு வாங்கிய பிள்ளை பின்னாளில் குடியுரிமையே பெற்றாலும் பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்ய முடியாது. கைவிட்ட அப்பாவுக்கு மட்டுமல்ல, வளர்த்த அம்மாவுக்கும்தான்.

இதைச் சொன்னபோது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் இங்க நின்னாப் போதும், நீங்க ஃபைல் பண்ணுங்க" என்றார்.

நியூயார்க்கில் கஸ்டடி, அதாவது பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு, 18 வயது வரைதான். அதனால் கார்டியன்ஷிப் மனு. 18 தாண்டிய பிள்ளைக்கு, அவன் சம்மதித்தால், 21 வரை போடலாம். "சொந்தப் பிள்ளைக்கு நானே கார்டியனா?" என்று சிரித்தார். ஆமாம், பெற்ற தாயும் ஆகலாம் என்று இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இலேயே சொல்லியிருக்கிறது.

இப்போது இழுத்தடிப்பது அப்பாவுக்கு நோட்டீஸ் சேர்ப்பதுதான். பழைய முகவரிக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது. வாட்ஸாப்பில் இரண்டு நீல டிக் விழுவதைக் காட்டி, அதிலேயே அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறேன். அடுத்த வாய்தா செவ்வாய்க்கிழமை. பையனின் பிறந்த நாளுக்கு இன்னும் 19 நாள்.